டிசியை ஏசி பழக்கத்தில் கற்பிக்காதீர்கள்: சோலார், இவி பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. வியாசர்பாடி பணிமனையில் 2025 முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. வடசென்னையில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்), ஐடிஐ படிக்கிறவர்களுக்கு இனி இன்வெர்ட்டரும் பேட்டரியும் இல்லாத வேலை குறைவு. லேபில் மட்டும் இன்னும் ஏசி (மாறுதிசை மின்சாரம்) பழக்கத்தோடேயே டிசியை (நேர்திசை மின்சாரம்) தொட விடுகிறோம். இருப்பதிலேயே ஆபத்தான தவறு அதுதான்.

ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். ஸ்விட்ச் பிரியும்போது எழும் ஆர்க் (மின்பொறி) அங்கே அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. எட்டு சோலார் பேனல் சீரீஸில் சுமார் 400 வோல்ட் நிற்கும். லோடு ஓடும்போது பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் நின்று எரியும். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கர், அடுத்து டிசி ஐசொலேட்டர் (டிசி பக்கத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), பிறகு வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யமா என்று பார்த்துவிட்டுத்தான் கனெக்டர். இதில் ஒரு வில்லங்கம்: பல லேபில் கிடக்கும் கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டுமே அளக்கும். 10 ஆம்பியர் டிசி ஓடினாலும் அது பூஜ்யம் காட்டும், மாணவர் நம்பிக் கை வைப்பார். கரண்ட் நின்றாலும் வெயில் இருக்கும்வரை வோல்ட்டேஜ் போகாது என்பதையும் சொல்லுங்கள்.

'ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய்விடும்' என்ற விடைக்கு மார்க் போடுவதும் தப்பு. பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், முழு வெயிலில் வழக்கமாக ஓடும் கரண்டைவிடச் சில சதவீதமே கூடுதல். ஒற்றை ஸ்ட்ரிங்கில் (ஒரே பேனல் வரிசையில்) ஃபியூஸ் அசையாது.

பேனல் லேபிளில் இருக்கும் வாட் 25 டிகிரிக்கு உரியது. தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் மே மாத மதியம் செல் 65 டிகிரி வரை போகும். 25-க்கு மேல் டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்றால் 14 சதவீத இழப்பு. 5 கிலோவாட் 4.3 ஆகிவிடும். சீரீஸில் எத்தனை பேனல் என்ற கணக்குக்கு மட்டும் ஜனவரி விடியற்காலையை எடுக்க வேண்டும், குளிரில் வோல்ட்டேஜ் ஏறும்.

இவி (மின்சார வாகன) சார்ஜருக்கு ஏசி வகை ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் ட்ரிப் ஆகும் பிரேக்கர்) ஆகாது. டிசி கசிவு அதன் காந்தக் கோரைச் சாச்சுரேட் ஆக்கி (செயலிழக்க வைத்து), ட்ரிப் ஆகாமல் தடுக்கும். ஏ வகையோடு 6 மில்லிஆம்பியர் டிசி கசிவு உணரி, இல்லாவிட்டால் பி வகை வேண்டும்.

கடலோரத்தில் எர்த் ரீடிங்கை மட்டும் பார்த்து டிக் போடாதீர்கள். உப்பு நிலத்தடி நீரால் ஓம் குறைவாக, நன்றாகவே வரும். அதே உப்புதான் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் கிளாம்ப்பையும் அரிக்கிறது. எர்த் பிட்டைத் (குழியை) திறந்து, ஜாயின்ட்டைத் துருவிப் பார்க்க வைத்த பிறகு ரெக்கார்டில் கையெழுத்துப் போடுங்கள்.