நிறுவனம் இரண்டாகப் பிரியும்போது மின்னஞ்சலைப் புதிய சர்வருக்கு மாற்றுவது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை, பிறையில் அதன் போக்குவரத்துப் பிரிவு என்று இதுவரை ஒரே நிறுவனமாக இருந்தது அடுத்த மாதம் இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குகளை வழக்கறிஞர்கள் பிரித்துவிட்டார்கள், சொத்துகளைக் கணக்காய்வாளர்கள் பிரித்துவிட்டார்கள். மின்னஞ்சலை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். போக்குவரத்துப் பிரிவின் ஐம்பது, அறுபது அஞ்சல் பெட்டிகளைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு இந்தக் குறிப்பு. இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

முதல் படி: எது யாருக்கு?

சர்வரைத் தொடுவதற்கு முன் இது முடிய வேண்டும். பாகப்பிரிவினையில் நிலத்தை அளப்பது எளிது, பொதுக் கிணறுதான் வழக்காகும். இங்கே பொதுக் கிணறு என்பது கணக்குப் பிரிவு, மனிதவளம், விற்பனை ஆகியவற்றின் பொது அஞ்சல் பெட்டிகள். ஒருவரின் தனிப்பெட்டி அவரோடு போகும் என்று எளிதாக முடிவு செய்யலாம். பொதுப் பெட்டியில் இரு தரப்பின் வாடிக்கையாளர்களும் கலந்து கிடப்பார்கள். அதை அப்படியே இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தால், மற்றவரின் விலைப்பட்டியலும் ஊழியர்களின் அடையாள அட்டை எண்களும் போய்ச்சேரும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அது விளையாட்டல்ல. மறுபக்கம், நிறுவனச் சட்டம் 2016 கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கண்டபடி அழிக்கவும் முடியாது. ஆகவே பெட்டி, ஃபோல்டர், போகும் இடம், ஒப்புதல் தந்தவர் என்று நான்கு பத்திகளில் ஓர் அட்டவணை போட்டு, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழி ஒப்புதலை நம்ப வேண்டாம்.

இன்னொரு பட்டியலும் தேவை. வங்கி, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வருமான வரி வாரியம் ஆகியவற்றின் இணையக் கணக்குகளில் எந்த மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறது? கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு மூடிய பெட்டிக்குப் போனால் சம்பள வாரத்தில் திண்டாட்டம்தான். டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பதிவாளரிடம் கொடுத்த முகவரி அதே டொமைனுக்குள் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பூட்டிய வீட்டுக்குள் சாவி இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: டொமைன்

"கொஞ்ச நாள் இரண்டு நிறுவனமும் பழைய முகவரியையே வைத்துக்கொள்ளட்டுமே" என்று ஓர் இயக்குநர் நிச்சயம் சொல்வார். மைக்ரோசாஃப்ட் 365இல் ஒரு டொமைனை ஒரு நேரத்தில் ஒரே நிறுவனக் கணக்கில்தான் இணைக்க முடியும் என்பதை அவருக்குப் பணிவோடு விளக்குங்கள். பழைய டொமைன் ஒரு தரப்புக்குத்தான், மற்றவருக்குப் புதிய டொமைன் வேண்டும். டாட் காம் டாட் எம்ஒய் பெயர் வாங்குவதென்றால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு ஆவணங்கள் கேட்பார்கள். அவை கைக்கு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நகலெடுத்தல்

புதிய சர்வரில் பெட்டிகளையும் மாற்றுப் பெயர்களையும் (அதே பெட்டிக்கு வந்து சேரும் மற்ற முகவரிகள்) உருவாக்குங்கள். பிறகு ஐமேப்சிங்க் என்ற கருவியால் அஞ்சல்களை நகலெடுக்கலாம். முன்பே எடுத்ததை அது மறுபடி எடுப்பதில்லை. அதனால் மாற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே முதல் சுற்றை ஓட்டிவிட்டு, கடைசி நாளில் மிச்சத்தை மட்டும் எடுக்கலாம்.

முதலில் ஒரே ஒரு பெட்டியில் சோதியுங்கள், அதுவும் உங்களுடைய பெட்டியில். அனுப்பிய அஞ்சல்களின் ஃபோல்டருக்குப் பழைய சர்வரில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர் என்றால் இரண்டு ஃபோல்டர்கள் முளைத்துவிடும். ஐமேப்சிங்க்கின் ஆட்டோமேப் என்ற தேர்வு இதைப் பெரும்பாலும் சரிசெய்யும். நாட்காட்டியும் தொடர்பு முகவரிகளும் இதில் வராது. அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். கணக்குப் பிரிவில் நெடுநாளாக இருக்கும் அக்கா, "தம்பி, என் மெயில் எல்லாம் வந்துவிடுமா?" என்று கேட்பார். அவர் மனதில் இருப்பது நாட்காட்டியும் சேர்த்துத்தான்.

நான்காம் படி: திருப்பிவிடுதல்

டொமைன் உங்களோடு வருகிறதென்றால், குறைந்தது ஒரு நாள் முன்பு எம்எக்ஸ் பதிவின் (அந்த டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) டிடிஎல் மதிப்பை, அதாவது மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 86400 வினாடியிலிருந்து 300க்குக் குறையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எம்எக்ஸை மாற்றுங்கள். தைப்பூச விடுமுறை வசதி என்று தோன்றும், ஆனால் அன்று பாதி ஊழியர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருப்பார்கள், சோதித்துச் சொல்ல ஆள் கிடைக்காது.

இடையில் சர்வர் சில மணி நேரம் பதில் தராவிட்டாலும் அஞ்சல் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே எஸ்எம்டிபி (சர்வர்கள் அஞ்சலைப் பரிமாறும் நெறிமுறை) விதி. ஆனால் "அப்படி ஒரு பயனரே இல்லை" என்று 550 பதில் போனால் அந்தக் கணமே அஞ்சல் திரும்பிவிடும். பழைய பெட்டிகளை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. எம்எக்ஸ் மாறிய பிறகும் பழைய சர்வர் அந்த டொமைன் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தாய் நிறுவனத்திலிருந்து அனுப்பும் அஞ்சல் வெளியே வராமல், அங்கேயே பழைய பெட்டியில் விழுந்து கிடக்கும். உள்ளூர் விநியோகத்தை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

டொமைன் உங்களோடு வராவிட்டால், புதிய டொமைனின் எம்எக்ஸை முன்பே அமைத்துவிடலாம். பழைய முகவரிக்கு வருவதை முன்னனுப்பச் சொல்லி, எத்தனை மாதம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாதாரண முன்னனுப்பலில் எஸ்பிஎஃப் சோதனை (ஒரு டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) தோற்கும். முன்னனுப்பும் சர்வரில், அனுப்புநர் முகவரியைத் தன் டொமைனுக்கு மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை) மூன்றும் தேவை. எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், அதில் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக் கூடாது. டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வையுங்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பும் நகல் இயந்திரத்தையும் மறக்காதீர்கள்; யாரும் அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, திங்கட்கிழமை காலை முதல் புகார் அதைப் பற்றித்தான்.

ஐந்தாம் படி: மாற்றிய பிறகு

பழைய சர்வரும் புதிய சர்வரும் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வர்) என்றால், பழைய உள் அஞ்சலுக்குப் பதில் எழுதும்போது அது திரும்பி வரலாம். முகவரி சரிதான். ஆனால் அவுட்லுக் நினைவில் வைத்திருப்பது மின்னஞ்சல் முகவரியை அல்ல, பழைய எக்ஸ்சேஞ்சின் உள் அடையாளத்தை. அந்த அடையாளத்தைப் புதிய பெட்டியில் எக்ஸ்500 முகவரியாகச் சேர்த்தால் சிக்கல் தீரும். அதனால் பழைய சர்வர் கைவிட்டுப் போவதற்குள் அத்தனை பேரின் அடையாளத்தையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து ஐமேப்சிங்க்கை இன்னொரு முறை ஓட்டுங்கள். தாமதமாக வந்தவை அகப்படும். அதன் பதிவுக் கோப்புகளை இரு தரப்புக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகே பழைய பெட்டிகளின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள்.