கடைக் கடன் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போனால்

லண்டனுக்கு வந்து ஓரிரு வருடத்திலேயே ஒரு கடையை எடுத்து நடத்தத் தொடங்குபவர்கள் நம்மில் நிறையப் பேர். மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பார்கள், மின்சார பில் இரண்டு மாதம் பின்தங்கும், ஒரு நாள் கேள்விப்படாத பெயரில் கடிதம் வரும்: உங்கள் கணக்கு எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, 7 நாளில் கட்டவும். பயந்துபோய் உடனே காசைக் கட்டவும் வேண்டாம், கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மறக்கவும் வேண்டாம். கீழே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி. ஸ்கொட்லாந்தில் விதிகள் வேறு.

தொகையைப் பார்க்கும் முன் கடிதம் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். சோல் டிரேடராக, அதாவது கம்பெனி பதியாமல் தனி ஆளாக, கடை நடத்தினால் கடன் உங்கள் கடன். வீடு, கார், சேமிப்பு எல்லாம் அதற்குப் பதில் சொல்லும். லிமிடெட் கம்பெனி என்றால் கடன் கம்பெனியுடையது. ஆனால் நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். மொத்த வியாபாரியிடம் கணக்குத் திறந்த அன்று நிரப்பிய படிவத்தில், கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில், ‘கம்பெனி கட்டாவிட்டால் இயக்குநர் தனிப்பட்ட முறையில் கட்டுவார்’ என்று ஒரு வரி இருக்கலாம். அதுதான் பர்சனல் கேரண்டி. அது எழுத்தில் இருந்து, அதில் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்பது 1677ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. எனவே அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். “நீங்கள்தானே இயக்குநர், உங்கள் பொறுப்புத்தான்” என்று தொலைபேசியில் சொல்வது கேரண்டி ஆகாது.

அடுத்தது, வசூல் நிறுவனம் கடனை விலைக்கு வாங்கிவிட்டதா, இல்லை முதலில் கடன் கொடுத்தவருக்காக வெறுமனே வசூலிக்கிறதா என்பது. வாங்கியிருந்தால் கடன் கைமாறியதற்கான அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் முழு விலை கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே பேரத்துக்கு இடம் கூடுதல். வெறும் முகவர் என்றால் கழிவுக்குச் சம்மதிக்க வேண்டியவர் மொத்த வியாபாரி. அவருடைய ஒப்புதல் எழுத்தில் தேவை.

இந்த நிறுவனத்து ஆள் கடைக்கு நேரில் வந்தாலும் அவர் பெய்லிஃப் (கோர்ட் உத்தரவோடு சொத்தைப் பறிமுதல் செய்ய வருபவர்) அல்ல. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் கல்லாவில் கை வைக்கவோ சரக்கைத் தூக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. வாடிக்கையாளர் முன்னால் கதைக்க வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

தொகைக்கு வருவோம். ஒவ்வொரு பில்லையும், அதற்கான டெலிவரி ரசீதையும் கேளுங்கள். குறைந்து வந்த பெட்டிகள், திருப்பி அனுப்பிய சரக்குக்கான கிரெடிட் நோட், ஏற்கெனவே கட்டியவை எல்லாம் கணக்கில் கழிந்திருக்கின்றனவா என்று ஒன்றொன்றாகப் பாருங்கள். வணிகக் கடனுக்கு வட்டி கேட்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது: பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம். அடிப்படை வட்டி 4 என்று வைத்துக்கொண்டால் 6,000 பவுண்டுக்கு வருடம் 720 பவுண்ட். அதோடு பில் ஒன்றுக்கு, 1,000 பவுண்டுக்குக் கீழ் 40, 10,000க்குக் கீழ் 70, அதற்கு மேல் 100 பவுண்ட் கேட்கலாம். வசூல் செலவு அதைவிடக் கூடினால் நியாயமான அளவு மட்டும்தான். ‘நிர்வாகக் கட்டணம் 900’ என்று ஒற்றை வரி இருந்தால் விவரம் கேளுங்கள். பேரத்தில் முதலில் உதிர வேண்டியது அதுதான்.

மின்சாரக் கடன் என்றால் சாவி வாங்கிய தேதி முக்கியம். முன்னிருந்தவரின் பாக்கியை உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். குத்தகைப் பத்திரத்தையும், அன்று எடுத்த மீட்டர் படத்தையும் அனுப்புங்கள். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறுகடைக்கு, நிறுவனத்தின் தவறால் தாமதமான பில்லில் 12 மாதத்துக்கு முந்திய பாவனையைக் கேட்க முடியாது. முறைப்பாடு 8 வாரத்தில் தீராவிட்டால் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலை அமைப்பு) போகலாம், கட்டணம் இல்லை.

கடன் பழையது என்றால் அவசரப்பட வேண்டாம். சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 வருடம். அந்தக் காலத்துக்குள் நீங்கள் 20 பவுண்ட் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதினாலும் 6 வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். “நல்லெண்ணத்துக்குச் சின்னத் தொகை போடுங்கள்” என்று கேட்பதன் பின்னால் இது இருக்கலாம். 6 வருடம் முழுதாகக் கடந்த கடனுக்கு அப்படி உயிர் கொடுக்க முடியாது.

இனிப் பேரம். எத்தனை சதவீதத்துக்கு இறங்குவார்கள் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். கையில் இருக்கும் மொத்தக் காசுதான் பலம். “14 நாளில் ஒரே தடவையில்” என்பதற்கு இருக்கும் மதிப்பு 24 மாதத் தவணைக்கு இல்லை. வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வாடகை, சம்பளம், வரி, மற்றக் கடன்கள், மிச்சம். காசு மைத்துனரோ நண்பரோ தருவதாக இருந்தால் அதையும் எழுதி, நேரடியாக அவர் கணக்கிலிருந்தே அனுப்பச் செய்யுங்கள். காரணம் இருக்கிறது. 1884இல் வந்த ஃபோக்ஸ் எதிர் பியர் தீர்ப்பின்படி, கடனாளியே பாதியைக் கட்டினால், மீதியை விட்டுவிட்டேன் என்று சொன்ன கடன் கொடுத்தவர் பிறகும் மீதியைக் கேட்கலாம். மூன்றாம் ஆள் கட்டி அதை ஏற்றுக்கொண்டால் அந்த வழி அடைபடும். கடன் தொகையே நியாயமான தகராறில் இருந்தாலும் சமரசம் செல்லும்.

கடிதத் தலைப்பில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று ஆங்கிலத்தில் போடுங்கள். சமரசப் பேச்சைக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகக் காட்டுவதை அது தடுக்க உதவும். வாசகம் இந்த அளவு போதும்: ‘கணக்கு எண் இன்னது. 3,600 பவுண்டை முழுமையும் இறுதியுமான தீர்வாக ஏற்றால், ஏற்றதாக எழுத்தில் பதில் வந்த 14 நாளுக்குள் கட்டப்படும். மீதித் தொகையை நீங்களோ வேறு எவருமோ கேட்கக் கூடாது. பர்சனல் கேரண்டியும் இதோடு விடுவிக்கப்பட வேண்டும்.’ ஆங்கிலத்தில் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்ற சொற்றொடர் தவறாமல் இருக்கட்டும். கடைசி வரியை மறந்தால் கம்பெனி தப்பிவிடும், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பதில் கைக்கு வரும்வரை ஒரு பென்னியும் அனுப்ப வேண்டாம். வங்கி அட்டை எண்ணைத் தொலைபேசியில் கொடுக்கவே வேண்டாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கோர்ட் படிவம் வரலாம். “பேசித் தீர்க்கிறோமே” என்று அதை விட்டுவிட்டால் தீர்ப்பு தானாக விழும். பதிலுக்கு 14 நாள். பெற்றுக்கொண்டதாக அறிவித்தால் 28 நாள். தீர்ப்பு விழுந்து ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் கோர்ட் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீங்கும், இல்லாவிட்டால் 6 வருடம் நிற்கும். வழக்குத் தொடங்கிய பின் சமரசம் என்றால் ‘டொம்லின் ஓர்டர்’ கேளுங்கள். வழக்கு நிறுத்திவைக்கப்படும், தீர்ப்புப் பதியாது. ஸ்டாச்சுட்டரி டிமாண்ட் (கடனைக் கட்டச் சொல்லும் சட்டபூர்வ அறிவிப்பு) என்ற பத்திரம் வந்தால் இன்னும் கவனம். 21 நாளுக்குப் பின் 750 பவுண்ட் கடனுக்கே கம்பெனியைக் கலைக்க மனுப் போடலாம். தனிநபரைத் திவாலாக்க மனுப் போட அந்த எல்லை 5,000, பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்க 18 நாள். கம்பெனியைக் கலைக்கும் மனு அரச கசெட்டில் (அதிகாரபூர்வ அறிவிப்பு இதழ்) வெளிவந்ததும் வங்கி கணக்கை முடக்கிவிடும். அந்தக் கட்டத்தில் சொலிசிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். அதற்கு முன்னால் சிறு வியாபாரிகளுக்கான கடன் ஆலோசனைச் சேவையான பிஸ்னஸ் டெப்ட்லைன் இலவசமாக ஆலோசனை தரும். ‘கடனைக் குறைத்துத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகத் தேவையில்லை.

தீர்த்த பிறகு கணக்காளரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 6,000 பவுண்ட் பில்லில் 1,000 வாட் (மதிப்புக் கூட்டு வரி) என்று நீங்கள் முன்பே திரும்பப் பெற்றிருப்பீர்கள். 3,600க்குத் தீர்ந்தால் கட்டாத 2,400இல் 400 வாட். பில் கட்ட வேண்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கட்டாத பகுதியின் வாட்டை வரித்துறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் 2,000 பவுண்ட் கடன் தள்ளுபடி, உங்கள் வருமானமாகக் கணக்கில் ஏறும். பேரத்தில் மிச்சம் பிடித்த 2,400இல் 400 அப்படியே போகும், 2,000க்கு வரியும் வரலாம். எவ்வளவு காசு கையில் வேண்டும் என்று கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.