ஓரடிக் கம்பியும் கொஞ்சம் வெயிலும்: கிப்லா கோடு போடும் முறை

கிழக்கிலங்கைக் காத்தான்குடியில் நாங்கள் வீடு கட்டியபோது தொழுகை அறைக்கான கிப்லாக் கோட்டை, அதாவது தொழும்போது முகம் வைக்கும் மக்காத் திசைக் கோட்டை, மேசன் தம்பி கைபேசியை வைத்துத்தான் போட்டார். கைபேசி இருந்த இடம் இரும்புக் கம்பிக் கட்டின் மேல். காந்தமுள் வேறு என்ன செய்யும்? ஓடு பதித்து முடிந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவன் பக்கத்தில் நின்று வாய் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தப் போய்க் கைவந்த முறை இது.

முதலில் நாள். ஜூன் நல்லது. வானம் வெளித்திருக்கும், சூரியனும் வடகோடியில் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் அதன் பாதை மாறுவது மிகக் குறைவு. நவம்பர், டிசம்பரில் முயன்றால் மழையைத்தான் அளக்கலாம்.

சமதளமான சீமெந்து முற்றம் வேண்டும். நான் முதலில் கடற்கரைப் பக்கத்து மணலில் நட்டேன். பகல் பதினொரு மணிக்கு அயல்வீட்டு ஆடு வந்து கம்பியில் முதுகு சொறிந்துவிட்டது. தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒரே பக்கமாக ஓடினால் அந்த இடம் சரிவராது. 30 சென்ரிமீற்றர் உயரமாக நிற்கும்படி நேரான கம்பி ஒன்றைப் பொருத்தி, தூக்குக்குண்டால் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாருங்கள். கச்சான் காற்று அடித்தால் குண்டு ஆடும். வெள்ளனவே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. கம்பியின் அடியை மையமாக வைத்து, நூலும் சோக்கும் கொண்டு 30 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போடுங்கள்.

சரி, இனிக் காத்திருப்பு. காலையில் நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி ஒன்பது மணியை ஒட்டி அதன் நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு புள்ளி. பின்னேரம் மூன்று மணியளவில் மறுபக்கம் நுனி வட்டத்தைக் கடந்து வெளியேறும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு; காலைப் புள்ளி இருப்பது மேற்கு முனை.

இதற்கு அரபு வானியலாளர் வைத்த பெயர் ‘இந்திய வட்டம்’. யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் பெயரையே வைத்தார்கள். நம் ஆட்கள் சிலர் மேடையில் ‘எல்லாம் நாங்களே கண்டுபிடித்தோம்’ என்று முழங்கும்போது எனக்கு இந்த வட்டம்தான் ஞாபகம் வரும். அந்த வானியலாளர்கள் வாங்கியதை வாங்கியதாகச் சொன்னார்கள், அப்புறம் அதை வைத்துப் பெரிய வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான அல்பிரூனி ஊர்களுக்கிடையிலான தூரங்களையும் அகலக்கோடுகளையும் கொண்டு, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கஸ்னாவின் கிப்லாவைக் கணக்கிட்டு 1025இல் எழுதி முடித்தார். கோளத்தின் மேல் முக்கோணம் அளக்கும் கோள முக்கோணவியல் அவ்வளவு வளர்ந்ததில் கிப்லாவுக்கும் பங்குண்டு.

அந்தக் கணக்கை நான் நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். காத்தான்குடியில் நேர் மேற்கிலிருந்து வடக்கே 23 பாகைக்குச் சற்று மேல். பாகைமானி தேவையில்லை: கோட்டில் மேற்கே ஒரு மீற்றர் போங்கள், அங்கிருந்து செங்குத்தாக வடக்கே 43 சென்ரிமீற்றர். தொடங்கிய இடத்தையும் முடித்த இடத்தையும் இணைத்தால் கிப்லா. அக்கரைப்பற்றில் 44, பொத்துவிலில் 45 வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியைப் பிடுங்கிவிட வேண்டாம். தொழுகை நேரமும் அதுவே சொல்லும். ஜூன் உச்சியில் அதன் நிழல் எட்டரை சென்ரிமீற்றர் அளவுக்குத் தெற்கே விழும். தெற்கேதான்! சிரியாவின் டமஸ்கஸில் உச்சி நிழல் வருடம் முழுக்க வடக்கே விழும். நமக்கு ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் சூரியன் தலைக்கு நேரே வந்து பக்கம் மாறுகிறது. அந்த எட்டரையோடு கம்பியின் முப்பதைக் கூட்டுங்கள். நிழல் முப்பத்தெட்டரை ஆகும்போது ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்டப் பிரிவின்படி அஸர், அதாவது பின்னேரத் தொழுகை நேரம், நுழைகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் மூன்றரையை ஒட்டியிருக்கும். டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் இப்படி நேரம் பார்ப்பதற்கென்றே ஆள் இருந்தார். அந்தப் பதவியிலிருந்த இப்னு அல்ஷாதிர் 1371இல் அங்கே மினாரா என்னும் கோபுரத்துக்குச் செய்த சூரியக் கடிகாரத்தில் நிழல் விழுத்தும் கோலை பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்தார்.

கோடு சரியா என்று பார்க்க ஜூலை 16 வரை பொறுங்கள். அன்று நம் நேரம் பிற்பகல் 2.57க்குச் சூரியன் மக்காவுக்கு நேர் மேலே நிற்கும். நிழல் நுனியிலிருந்து கம்பியின் அடியைப் பார்த்தால் அதுதான் கிப்லா. மேகம் மூடினால் அடுத்த நாள் அதே நேரம் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் வராது. அதுவும் தப்பினால் அடுத்த மே 28, பிற்பகல் 2.48.

எங்கள் முற்றத்தில் சோக்குக் கோடும் நிழலும் விரல் அகலம்கூட விலகவில்லை. தொழுகை அறையின் ஓட்டுக்கோடுதான் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. ஓட்டை உடைக்க என் மனைவி விடவில்லை. பாயைச் சரித்து விரித்துக்கொள்கிறோம்.