ஷட்டர் இறங்கிய பிறகும் ஓடும் வேலை நேரத்தைப் பதிவு செய்வது எப்படி

பெரிய சங்கிலிக் கடையொன்றில் பில் கவுன்டரில் இருந்தவள் நான். ஷட்டர் இறங்கியதும், வேலை முடிந்ததாகக் கைரேகை வைக்கச் சொல்வார் மேலாளர். அப்புறம்தான் கல்லாக் கணக்கும் அலமாரி அடுக்கலும். அந்த நேரத்துக்குச் சம்பளமே கிடையாது. இது திருட்டுதான்.

முதலில் சொந்த நோட்டு ஒன்று வையுங்கள். உள்ளே வந்த நேரம், உண்மையில் வெளியேறிய நேரம், யார் நிறுத்தி வைத்தார் என்பதை அன்றன்றைக்கே எழுதுங்கள். கடையின் கணினியில் வேண்டாம். ஷிப்ட் பட்டியலை ஒட்டியவுடன் படமெடுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். வாய்மொழி உத்தரவு வந்தால், "நீங்கள் சொன்னபடி கணக்கு முடியும்வரை இருக்கிறேன்" என்று உத்தரவு போட்டவருக்கே மெசேஜ் அனுப்புங்கள். அதுவே சாட்சி.

கல்லாவில் பணம் குறைகிறது, கையெழுத்துப் போடு என்றால் அவசரப்படாதீர்கள். உங்கள் முன்னால் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். போட்டே ஆகவேண்டுமென்றால், மேலே "தொகையை ஏற்கவில்லை" என்று எழுதிப் போடுங்கள்.

திட்டினால் அதே வார்த்தைகளை, பக்கத்தில் இருந்தவர் பெயரோடு குறியுங்கள்.

உட்கார விடவில்லையா? கடை ஊழியருக்குப் போதிய இருக்கையும் அதில் உட்கார வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 120. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள். இன்னும் இருவரின் நோட்டும் சேரட்டும்.