எழுதும் முன் பேசி முடிக்க வேண்டியவை: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களுக்கு

ஃப்ரீலான்ஸ் எழுத்தில், அதாவது சம்பள வேலையில் இல்லாமல் தனித்தனி வேலையாக எடுத்து எழுதிக்கொடுப்பதில், நஷ்டம் பெரும்பாலும் எழுதும்போது வருவதில்லை. வேலையை ஒத்துக்கொள்ளும்போதே வந்துவிடுகிறது. "வெப்சைட்டுக்குக் கொஞ்சம் கன்டென்ட் வேணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அந்தக் 'கொஞ்சம்' 3 பக்கமா 12 பக்கமா என்பது அப்புறம்தான் தெரியவரும்.

விலைக்கு முன் வேலையின் அளவைக் கேளுங்கள். யார் படிக்கப்போகிறார்கள், படித்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும், எத்தனை பக்கம், தகவல்களை யார் தருவது, கடைசியாக 'ஓகே' சொல்பவர் யார்? இதில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மார்க்கெட்டிங் மேனேஜர் தலையாட்டிய கட்டுரையை, அதுவரை பேச்சிலேயே இல்லாத முதலாளி மூன்றாம் வாரம் பார்த்துவிட்டு "இது நம்ம ஸ்டைல் இல்லையே" என்பார். பிறகு எல்லாம் முதலிலிருந்து. ஆகவே, போனில் பேசியதை அன்றே பத்து வரி மெயிலாக எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு எழுத உட்காருங்கள். கெடு தேதியோடு மணியையும், அது யாருடைய ஊர் நேரம் என்பதையும் அதே மெயிலில் குறித்துவிடுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பது வேறு நாட்டில் இருப்பவருக்கு வேறு பொழுது.

விலையை எப்படிக் கணக்கிடுவது

1000 வார்த்தைக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகவல் திரட்ட 2 மணி நேரம், குறிப்பு போட அரை மணி, எழுத 2 மணி, செம்மைப்படுத்த 1 மணி, மெயிலுக்கும் திருத்தத்துக்கும் 1 மணி. மொத்தம் 6.5 மணி நேரம். வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசுபவர்கள் எழுதுவதற்கான அந்த 2 மணி நேரத்தை மட்டுமே மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

ஒரு நாளில் காசாகும் எழுத்து நேரம் 4 மணிக்கு மேல் தேறாது. மீதி நேரம் வேலை தேடுவதிலும் பில் போடுவதிலும் போய்விடும். மாதம் 22 நாள் என்றால் 88 மணி நேரம். குடும்பச் செலவு, வரி, இன்டர்நெட், மென்பொருள், வேலை இல்லாத மாதத்துக்கான சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டி 88 ஆல் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை கிடைக்கும். அதை 6.5 ஆல் பெருக்குங்கள். அதற்குக் கீழே இறங்கினால் கைக்காசைப் போட்டு எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். இந்த வேகத்தில் மாதத்துக்கு 13 கட்டுரைதான் முடியும் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கிளையன்ட்டிடம் மணிக்கணக்கைக் காட்டாமல் முழு வேலைக்கும் ஒரே தொகையாகச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் வாங்கினால், கை வேகமாக வேகமாக வருமானம் குறையும்.

விளம்பர வாசகங்களுக்கு வார்த்தைக் கணக்கு அடியோடு பொருந்தாது. ஆறு வார்த்தைத் தலைப்புக்கு ஒரு நாள் முழுக்கப் போகலாம்.

திருத்தம் எது, புது வேலை எது

'இரண்டு முறை திருத்தித் தரப்படும்' என்று எழுதினால் மட்டும் போதாது. சொன்னதை நீங்கள் சரியாக எழுதாவிட்டால் அது திருத்தம். அவர்கள் சொன்னதையே மாற்றினால் அது புது வேலை, தனிக் கட்டணம். இந்த வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். கருத்துகளை எல்லாம் ஒருவரே தொகுத்து, ஒரே ஃபைலில், 7 நாளுக்குள் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். நான்கு பேர் நான்கு மெயிலில் முரணாகச் சொல்வதைத் தீர்த்துவைப்பது எழுத்தாளர் வேலை அல்ல.

பணம்

புதியவரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். மீதியை 'வெளியான பிறகு' என்று ஒத்துக்கொள்ள வேண்டாம். வெப்சைட் வேலை ஆறு மாதம் இழுக்கலாம், பாதியில் கைவிடவும் படலாம். அது உங்கள் கையில் இல்லை. கடைசிப் பிரதியைக் கொடுத்து இத்தனை நாளுக்குள் என்று இருக்கட்டும். முழுப் பணமும் வந்த பிறகுதான் பதிப்புரிமை கிளையன்ட்டுக்கு மாறும் என்ற வரி, பாக்கியை வசூலிக்க உதவும் நல்ல பிடி. இந்த எழுத்தை உங்கள் வேலை மாதிரிகளில் காட்ட அனுமதியையும் அப்போதே எழுதி வாங்குங்கள். வெளியான பக்கங்களைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துவையுங்கள். வெப்சைட்டைப் புதுப்பிக்கும்போது அவை காணாமல் போகும்.

ஃப்ரீலான்ஸ் வேலைகள் கிடைக்கும் அப்வொர்க் போன்ற தளங்களில் மொத்தத் தொகைக்கு வேலை எடுத்தால், வேலையின் எந்தக் கட்டத்தைத் தொடங்குகிறீர்களோ அதற்கான பணத்தைக் கிளையன்ட் தளத்தில் செலுத்திவிட்டாரா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். வேலை தருகிறோம் என்று உங்களிடமே பதிவுக் கட்டணம் கேட்பவரையும், 'பரிசோதனைக்கு' முழுக் கட்டுரை இலவசமாகக் கேட்பவரையும் விட்டுவிடலாம்.

தமிழில் எழுதுபவர்கள் தடுக்கிவிழும் இடங்கள்

கம்ப்யூட்டர் எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. கூகுள் தேடல் விளம்பரத்தில் தலைப்புக்கு 30, விளக்கத்துக்கு 90 என்ற வரம்பு இந்தக் கணக்கில்தான் ஓடும். எஸ்எம்எஸ் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 160 வரை ஒரே செய்தி. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் வரம்பு 70 ஆகிவிடும். 70-ஐத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகும். கிளையன்ட் ஒவ்வொரு துண்டுக்கும் காசு கொடுப்பார். ஆங்கில வாசகத்தின் நீளத்தைப் பார்த்துத் தமிழுக்கு ஒத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

தேடல் முடிவில் வரும் தலைப்பு திரை அகலத்துக்கு ஏற்ப வெட்டுப்படும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் முக்கியச் சொல் முன்னால் வர வேண்டும்.

கிளையன்ட் தரும் பழைய ஃபைல்கள் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். அதை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை வரிக்கு வரி சரிபார்க்கும் நேரத்தையும் விலையில் சேருங்கள்.

விற்பனை வாசகங்களுக்கு நல்ல மூலப்பொருள் உங்கள் கற்பனையில் இல்லை. வாடிக்கையாளர் விமர்சனங்கள், புகார் மெயில்கள், சாட் பதிவுகள் ஒரு ஐம்பதைக் கேட்டு வாங்கி, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எங்கள் தயாரிப்பு தரமானது' என்று எந்த வாடிக்கையாளரும் எழுதியிருக்க மாட்டார்; 'ரெண்டு மாசத்துல கைப்பிடி உடைஞ்சுபோச்சு' என்றுதான் இருக்கும். தலைப்பு அதிலிருந்து பிறக்கும்.

ஏஐ எழுதியதா என்ற சந்தேகம் இப்போது எல்லா வேலையிலும் வருகிறது. கண்டறியும் கருவிகள் மனிதர் எழுதியதையும் தவறாகப் பிடிப்பதுண்டு. கூகுள் டாக்ஸிலேயே முதல் வரியிலிருந்து எழுதினால், எந்த நாளில் எந்தப் பத்தி வளர்ந்தது என்பதை அதன் பதிப்பு வரலாறு காட்டிவிடும். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்தச் சாட்சி கிடைக்காது. ஏஐ கருவியை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதையும் அந்தப் பத்து வரி மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.