சுத்தியலை எடுப்பதற்கு முன்: பழைய பிளேனர் மெஷினைப் பிரிக்கும்போது நடக்கும் தவறுகள்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் பல மழைக்காலம் ஓடாமல் நின்றுகிடந்த, மரம் இழைக்கும் பிளேனர் மெஷினை வாங்கி, சேலத்துக்கு இறக்கி, பிரித்துச் சரிசெய்தேன். நடுவில் பிளேடு மாட்டிய இழைப்பு உருளை, அதன் முன்னும் பின்னும் ஒவ்வொரு டேபிள், உருளையின் ஷாஃப்டிலேயே ஒரு முனையில் ரம்பத் தட்டு மாட்டுகிற பழைய மாடல். காபிக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக் மரங்களை அறுத்து இழைக்க அங்கே வைத்திருந்தது. இன்று என் பட்டறையில் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதன் உடம்பில் உள்ள காயங்களில் பாதி துரு தந்தது, மீதி நான் தந்தது. அந்த மீதி உங்கள் மெஷினுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு மெஷினைத் தூக்கும்போதே நடந்துவிடுகிறது. ஆட்கள் வந்ததும் கைக்கு வாகாக இருக்கிறதென்று மேல் டேபிளின் இரண்டு ஓரத்தையும் பிடிப்பார்கள். டேபிள் சரிந்து ஏறி இறங்கும் பள்ளத்தில்தான் மொத்த எடையும் விழும். அந்தப் பள்ளம் ஒருமுறை கெட்டால் இரண்டு டேபிளும் பிறகு ஒரே மட்டத்துக்கு வருவது பெரும்பாடு. அடிப்பீடத்தில் கயிறு போட்டுத் தூக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. டேபிளை இறுக்கிக் கட்டாமல் வண்டியில் ஏற்றினால் ஒவ்வொரு வளைவிலும் அது முட்டி மோதும்.

இறக்கிய அன்றே பிரிக்கவும் கூடாது. மலைக் குளிரில் இருந்த இரும்பு சேலத்துக் காற்று பட்டதும் வியர்க்கும். மழைக்காலத்தில் நன்றாகவே தெரியும், துடைக்கத் துடைக்க ஈரம் வரும். அந்த ஈரத்தோடு கிரீஸ் பூசினால் உள்ளே தண்ணீரை வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, இரும்பு அறைச் சூட்டுக்கு வந்தபின் துடையுங்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உருளை சுழலாதபடி ஒரு மரக்கட்டையைச் செருகி, பிளேடுகளை முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் நழுவினால் கை போய் விழும் இடம் அந்தப் பிளேடுதான்.

இனி, நான் அதிகம் வருந்திய தவறு. பழைய மெஷின்களில் உருளைக்கு பால் பேரிங் இருக்காது. வெள்ளை மெட்டல் (எளிதில் உருகும் மிருதுவான கலப்பு உலோகம்) ஊற்றிய இரு பாதிப் பேரிங்தான், மேலே வார்ப்பு மூடி, இரு பக்கமும் போல்ட். மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் பித்தளைத் தகடுகள் இருக்கும், சிகரெட் பெட்டிக்குள் வரும் ஜரிகைத் தாள் அளவு மெல்லிசு. கறுத்த கிரீஸில் ஒட்டிக்கிடப்பதால் தகடு என்றே தெரியாது. என் மெஷினில் புல்லி பக்கம் இரண்டும், ரம்பப் பக்கம் ஒன்றும் இருந்திருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டேன். தகடு குறைந்தால் மூடி ஷாஃப்டை நெரிக்கும், கூடினால் ஷாஃப்ட் தடதடக்கும். ஷாஃப்ட் சும்மா சுற்றவும் வேண்டும், ஆடவும் கூடாது என்ற அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

ஒவ்வொரு மூடியையும் கழற்றும் முன் மூடியிலும் கீழ்ப்பாதியிலும் புள்ளி பதிக்கும் சென்டர் பஞ்ச்சால் குறி வையுங்கள். இடது மூடிக்கு ஒரு புள்ளி, வலது மூடிக்கு இரண்டு. தகடுகளை அந்தந்தப் போல்ட்டிலேயே கோத்து நூல் கட்டித் தொங்கவிடுங்கள். போனில் படம் எடுப்பது நல்லதுதான். ஆனால் எந்தத் தகடு எந்தப் பக்கம் என்று படம் சொல்லாது.

மூடி வரவில்லை என்றால் சுத்தியலால் தட்டுவது அடுத்த தவறு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். நான் பக்கவாட்டில் போட்ட ஒரு அடியில் போல்ட் போகும் காது அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இரும்புன்னாலே எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுட்டீங்களா?” என்றார். மூடி முழுவதையும் மெல்லச் சூடாக்கி, பித்தளை வைத்து ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டுக் கொடுத்தார். இறுகிய போல்ட்டுக்கு டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் முதலில் துளி முடுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்துங்கள். முடுக்கும்போது துரு விட்டுக்கொடுக்கும் சத்தம் ‘டிக்’ என்று கேட்கும். அதற்காகக் காத்திருக்கலாம்.

அவசரத்துக்கு கேஸ் டார்ச் தீயைப் பிடிப்பவர்கள் கவனிக்க: வெள்ளை மெட்டல் சுமார் 240 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். போல்ட்டுக்குக் காட்டும் தீ, பேரிங்கை மெழுகாக ஒழுகவிட்டுவிடும்.

ரம்பத் தட்டைப் பிடிக்கும் நட்டு பெரும்பாலும் நாம் நினைக்கும் பக்கம் கழலாது. ரம்பம் எந்தப் பக்கம் சுற்றுமோ, அதே பக்கம் திருப்பினால்தான் தளரும். ஓடும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்க அப்படி மரை வெட்டியிருப்பார்கள். இது தெரியாமல் குழாய் செருகித் தொங்கினால் மரை சிதையும்.

துரு எடுக்க பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் நிறைய. அந்தப் புகை பட்டறையிலுள்ள உளி, வாள், வெர்னியர் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைக்கும். பாகத்தைச் சலவைச் சோடா கரைசலில் மூழ்கவிட்டு, வெளியே வைத்த பேட்டரி சார்ஜரால் மின்சாரம் செலுத்தித் துரு நீக்குவது நல்ல முறை. துருப்பிடித்த பாகத்தை நெகடிவில் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் பாகமே கரையும். பாசிட்டிவில் பழைய சாதா இரும்புத் தகடு போதும், எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சு. கிளம்பும் வாயு தீப்பிடிக்கும், அதனால் திறந்த இடத்தில் செய்யுங்கள். அலுமினியப் பாகத்தையோ, பிளேடு, ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகையோ அதில் போடாதீர்கள். அலுமினியத்தைச் சோடா தின்னும், எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். கிரைண்டர் வைத்துப் புழுதி பறக்கச் சுரண்டாமல், ஈரம் வைத்து எமரி தாளால் தேயுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

துரு போன இரும்பு அம்மணமானது, எண்ணெய் உடனே பட வேண்டும். நம் ஊரில் கையில் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏற்காட்டுக் காலையில் டேபிளின் சறுக்குப் பள்ளமெல்லாம் வெண்ணெய் தடவியது போல இறுகி நிற்கும். சேலத்து வெயிலில் உறையாதுதான், ஆனால் நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து மரத்தூளை ஒட்ட வைத்துக்கொள்ளும். சறுக்குப் பள்ளத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய், டேபிளின் மேல்முகத்துக்கு மெழுகு. சிலிக்கான் கலந்த ஸ்பிரேயை டேபிளில் அடித்தால் அது மரத்தில் ஏறி, பிறகு பாலிஷ் போடும்போது அங்கங்கே குழி விழும்.

பிளேடையும் அதை இறுக்கும் ஆப்பையும் உருளையின் எந்தக் காடியிலிருந்து (நீளப் பள்ளத்திலிருந்து) எடுத்தீர்களோ, அதே காடியில் மாட்டுங்கள். நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய உருளை இது, சில கிராம் எடை மாறினாலே அதிரும்.

திரீ பேஸ் மோட்டார் என்றால் பெல்ட் போடாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். இதைப் பார்க்காமல் பெல்ட் போட்டு ஓட்டினால், முன்பு சொன்ன அந்த ரம்ப நட்டு ஓடும்போதே தளரலாம்.

பெல்ட் போட்டபின் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எதுவும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, உருளைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஸ்விட்ச் போடுங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். நிறுத்தி, உருளை முழுதாக நின்றபின் இரண்டு பேரிங் மூடி மேலும் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அந்த மூடியைத் திறந்து, தகடுகளை மறுபடி எண்ணுங்கள்.