பங்கோருக்கு போறீங்களா, ஒரு ராத்திரியாவது தங்குங்க

கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து காலையில கிளம்பி சாயங்காலமே திரும்பிடலாம்னு நிறைய பேர் மலேசியாவுல இருக்கிற பங்கோர் தீவுக்கு ப்ளான் போடறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. ஃபெர்ரி ஏறுற லுமுட் ஊருக்குப் போய் சேரவே கார்ல மூணரை நாலு மணி நேரம், அப்புறம் ஃபெர்ரி வேற, அவ்ளோ தூரம் போய் கால் நனைச்சுட்டு ஓடி வர்றதுக்கா? ஸ்கூல் லீவு இல்லாத வாரநாளா பாருங்க, ரூமும் விலை குறைச்சலா கிடைக்கும்.

காரை லுமுட் பார்க்கிங்லயே விட்டுருங்க. பங்கோர் டவுன் ஜெட்டியில, அதாவது படகுத்துறையில, இறங்குனா பிங்க் கலர் வேன் நிக்கும், அதான் டாக்சி, ஏறுறதுக்கு முன்னாடியே எத்தனை வெள்ளின்னு (ரிங்கிட்) கேட்டுக்குங்க. மோட்டோர் (பைக்) வாடகைக்கு எடுக்கலாம், ஆனா வடக்குப் பக்கம் ரோடு ரொம்ப மேடு பள்ளம், சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வேணாம்.

தங்குறதுக்கு தெலுக் நிப்பா பீச் பக்கம் பாருங்க. ஏன்னா சாயங்காலம் ஆறு ஆறரைக்கு அங்க ஹார்ன்பில் வரும், தமிழ்ல இருவாச்சின்னு சொல்றது. போன வாட்டி எங்க பால்கனி கம்பியிலயே வந்து உக்காந்துச்சு, கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, அந்தப் பெரிய மஞ்சள் அலகை சாய்ச்சு என் மகளையே பார்த்துச்சு, அவ மூச்சு கூட விடல. காலையில போய் சாயங்காலம் வர்றவங்களுக்கு இது கிடைக்காது. பறவைக்கு ரொட்டி, பொரிச்சதெல்லாம் போடாதீங்க. குரங்கும் நிறைய, எங்க ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) பொட்டலத்தை கையில இருந்தே பிடுங்கிட்டுப் போயிருச்சு, பிளாஸ்டிக் பையை வெளிய காட்டாதீங்க.

ஸ்நோர்க்கல் பண்ண, அதாவது முகமூடியும் மூச்சுக் குழாயும் போட்டு தண்ணிக்குள்ள பார்க்க, தெலுக் நிப்பாவுக்கு எதிர்ல இருக்கிற கியாம் தீவுக்கு போட்ல போகலாம், லைஃப் ஜாக்கெட் கழட்டக் கூடாது, பவளப்பாறை மேல கால் வைக்கவே கூடாது, அதுக்கும் உயிர் இருக்கு.

மறுநாள் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள கிழக்குப் பக்கம் போங்க, பீச்லயே கிடந்தா பாதி பங்கோர்தான் பார்த்த மாதிரி. மீன்பிடி கம்பம் (கிராமம்), நெத்திலி காயப்போடற வாசனை, தெலுக் கெடுங்ல 1670-ல டச்சுக்காரங்க ஈயம் வைக்கிறதுக்காக கட்டுன கோட்டை, நம்ம காளியம்மன் கோயில். மாசி மகத்துக்கு நம்ம ஜனம் அப்படியே திரண்டு வரும், அப்போ போறதா இருந்தா ரூமை ரொம்ப முன்னாடியே சொல்லி வச்சுருங்க.

நெத்திலியை கிளம்பும்போது வாங்குங்க, முன்னாடியே வாங்குனா ரூமெல்லாம் நாறும். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்குன்னு போய் இறங்குன உடனே ஜெட்டியில பார்த்து போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க.